செட்டிநாட்டில் மூன்று நாள், இரண்டு சைக்கிள்

என் வீட்டுக்காரருக்குப் போன வருடம் ஒரு ஆசை வந்தது. பிரான்ஸில் பர்கண்டி என்று ஒரு பகுதி. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கணவனும் மனைவியுமாகச் சைக்கிளில் போகிறார்கள். ஊருக்கு ஊர் இறங்கி ஒரு வாய் ஒயின் ருசி பார்க்கிறார்கள். மறுபடி ஏறி அடுத்த ஊர். இந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, "நாமும் ஒரு தடவை இப்படிப் போகணும்" என்று ஆரம்பித்துவிட்டார். டீயைத் தவிர வேறெதையும் குடித்தறியாத மனிதர். மகளுக்கு ஹாஸ்டல் பணம் கட்டிய சூடு ஆறுவதற்குள் பிரான்ஸாம்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குத் திராட்சையை விடத் தூரம்தான் கண்ணில் பட்டது. அங்கே ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். கால் வலிக்க ஆரம்பிக்கும்போது ஊர் வந்துவிடுகிறது. இறங்கினால் பார்க்க ஏதோ இருக்கிறது, சாப்பிட ஏதோ இருக்கிறது. இப்படி ஒரு இடம் திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறதே! கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், கோட்டையூர். ஊருக்கு ஊர் ஒயின் இல்லை, சரி. ஊருக்கு ஊர் வீடும் பலகாரமும் உண்டு. பர்கண்டித் திராட்சைத் தோட்டங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து உத்தேசப் பட்டியலில் காத்துக்கொண்டிருக்கின்றன. "காத்திருக்கிற இடத்துக்கு முதலில் போவோம், கூட்டம் இருக்காது" என்றேன்.

ஒத்துக்கொண்டார். ஆனால் அன்று ராத்திரியே ஒரு அட்டவணை தயாரித்துவிட்டார். முதல் நாள் திருமயம் கோட்டை, இரண்டாம் நாள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, மூன்றாம் நாள் தேவகோட்டை. கூட்டிப் பார்த்தால் நூற்றைம்பது கிலோமீட்டரைத் தாண்டியது. அவர் வாரம் தவறாமல் காவிரிக் கரையில் ஓட்டுகிறவர், கியர் சைக்கிள் வைத்திருக்கிறார். நான் கடைசியாக ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டியது கல்லூரி நாளில். பேனாவை வாங்கி முக்கால்வாசியை அடித்தேன். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர், அதுவும் காலை 10 மணிக்குள் பெரும்பகுதி முடிய வேண்டும், மத்தியானம் தூக்கம் கட்டாயம். இதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன் என்றேன். நீங்கள் இருவராகப் போகிறீர்கள் என்றால் இந்தச் சண்டையை வீட்டிலேயே போட்டு முடித்துவிடுங்கள். வெயிலில் நடுரோட்டில் நின்றுகொண்டு போடுகிற சண்டை இல்லை இது.

போனது தை மாதம், பொங்கல் கழிந்து பத்து நாளில். காலையில் லேசான பனி, ஒன்பதரை வரை வெயில் உறைக்காது. மார்கழி, தை இரண்டும்தான் இந்தப் பக்கம் சைக்கிளுக்கு ஏற்ற மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். பங்குனிக்கு மேல் அங்கே சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது என் எதிரிக்குக்கூட நான் சொல்ல மாட்டாத யோசனை. தை மாதத்தில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் சாலையோரம் நிறைந்திருப்பார்கள். நகரத்தார், அதாவது இந்த ஊர்களின் செட்டியார்கள், எடுக்கிற காவடிகள் தலைமுறை தலைமுறையாக அந்த வழியில் போகின்றன. அந்த நாட்களில் அந்தப் பக்கம் சைக்கிள் விட இடமும் இருக்காது, விடுவது மரியாதையும் இல்லை.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். விருந்தினருக்குச் சைக்கிள் உண்டு என்று போனிலேயே சொன்னார்கள். இவர் தன் கியர் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டி எடுத்து வந்தார். எனக்கு அந்த வீட்டுச் சைக்கிள். கொல்லைப்புறத்தில் நின்றது. துடைத்துப் பளபளவென்றுதான் வைத்திருந்தார்கள். ஏறி நாலு மிதி மிதித்ததும் தெரிந்தது, பின் பிரேக் கட்டை தேய்ந்து ரிம்மில் படவே இல்லை, சீட் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு வைத்த உயரத்தில் இருந்தது. சீட் தாழ்ந்திருந்தால் முதல் கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது, ஐந்தாவதில் முட்டி சொல்லும். பெடல் அடியில் போகும்போது கால் கிட்டத்தட்ட நீண்டிருக்க வேண்டும். இவர் ஸ்பேனர் வைத்திருந்ததால் சீட்டை ஏற்றினோம், பிரேக்கைக் கடையில் மாற்றினோம். வாடகையோ இனாமோ, யாருடைய சைக்கிளாக இருந்தாலும் முதல் நாள் சாயங்காலமே எடுத்து ஊருக்குள் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.

அந்தச் சோதனைச் சுற்றுதான் எங்கள் முதல் பயணம். மொத்தம் நாலு கிலோமீட்டர் இருக்கும், அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. கானாடுகாத்தான் தெருக்கள் கட்டம் போட்டது போல நேர்நேராக இருக்கின்றன. ஒரு தெருவில் வீட்டின் முகப்பு, அதே வீட்டின் பின்கட்டு அடுத்த தெருவில். காரில் வந்தபோது நான் பார்த்தது முகப்புகளை மட்டும்தான். சைக்கிளில் பக்கவாட்டுச் சந்துக்குள் நுழைந்தால், ஒரே வீட்டின் சுவர் கூடவே வந்துகொண்டிருக்கிறது. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று உள்ளே எத்தனை கட்டு என்பதைப் பெடலால் எண்ணலாம். நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்து சேர்த்த பணம் இப்படி நீண்டு கிடக்கிறது. பாதி வீடுகள் பூட்டியிருக்கின்றன. ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி, முப்பது பங்காளி என்று சொன்னார்கள். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் வந்து கூடுவார்களாம். மற்ற நாளில் ஒரு காவல்காரரும் புறாக்களும்.

அரண்மனை வாசலில் இவர் சைக்கிளை நிறுத்தினார். இவர் படித்தது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929இல் அதை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய வீடு இது. உள்ளே விடவில்லை. "எட்டு செமஸ்டர் ஃபீஸ் கட்டியிருக்கேன், திண்ணையிலாவது உட்கார விடலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டோ எடுத்தார்.

அப்புறம் ஊருணி. செம்பூறாங்கல் படிகள், தெளிந்த தண்ணீர். கையெல்லாம் செயின் மை. இறங்கிக் கழுவலாம் என்று செருப்பைக் கழற்றினேன். குடத்தோடு நின்ற ஒரு அம்மா, "அது குடிக்கிற தண்ணிங்க, கால வைக்காதீக" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தப் பக்கம் குடிக்க ஒரு ஊருணி, குளிக்க ஒரு ஊருணி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆறு இல்லாத சீமை. வீட்டு ஓட்டில் விழுகிற மழை வளவில் இறங்கி, அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருக் கால்வாய் வழியே ஊருணிக்கு வரும்படி அந்தக் காலத்திலேயே அமைத்த ஊர்கள். கைகழுவத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுபோங்கள். சைக்கிளில் வருகிறவர்களுக்குக் கை எப்படியும் அழுக்காகும்.

மறுநாள் ஆத்தங்குடி. உட்பாதையில் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். ஆறேகாலுக்குக் கிளம்பினோம். இவர் முன்னால் போனார். ஐந்து நிமிடத்தில் ஒரு புள்ளியாகிவிட்டார். அங்கே நின்று, நான் வந்து சேர்ந்ததும், இளைப்பாறிய மனிதராக மறுபடி கிளம்பினார். அதாவது அவருக்கு ஓய்வு, எனக்கு ஓய்வே இல்லை. மூன்றாவது தடவை நான் மறுபடி சைக்கிளில் ஏறவே மறுத்துவிட்டேன். "இனிமேல் நான் முன்னால், நீங்கள் பின்னால்." அந்த ஒரு மாற்றத்தில் காலை முழுக்க மாறிப்போனது. மெதுவாக ஓட்டுகிறவர்தான் முன்னால் போக வேண்டும். பின்னால் வருகிறவர் லாரி, பஸ் வருவதைக் குரல் கொடுத்துச் சொல்லலாம். பேச்சும் நடக்கும். அன்று நாங்கள் பேசியது பூராவும் மகளைப் பற்றித்தான், அது வேறு கதை.

வழியில் கண்மாய்கள். தண்ணீர் நிறைந்து, நாரைகள். இரு பக்கமும் சீமைக்கருவேலம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மொபைல் மேப் ஒரு இடத்தில் இடது பக்கம் திரும்பச் சொன்னது, இரண்டு கிலோமீட்டர் மிச்சமாம். திரும்பினால் கண்மாய்க் கரை, ஈரக் களிமண். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டி எடுத்து, வந்த வழியே திரும்பினோம். பஸ் போகிற சாலையை விடாதீர்கள். ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டால் மேப்பை விடச் சரியாகச் சொல்கிறார்கள். ஊர் எல்லையில் நாய்கள் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அவற்றுக்கு ஆர்வம் போய்விடுகிறது.

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூ வேலைக் கல் போடுகிற ஒரு பட்டறையில் இறங்கினோம். ஊர்ப் பெயரே கல்லின் பெயராகிவிட்டது. ஆத்தங்குடிக் கல் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். நான் அதுவரை இதைச் சூளையில் சுடுவார்கள் என்றே நினைத்திருந்தேன். சுடுவதே இல்லை. ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வேலைக்கான அச்சு, கட்டம் கட்டமாக. அந்தக் கட்டங்களில் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், தோசை வார்க்கிற பக்குவத்தில். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, ஆனால் கலப்பதில்லை. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவல், அதற்கும் மேல் ஈரக் கலவை, கரணையால் ஒரு இழுப்பு. தூவல் எதற்கென்று கேட்டேன். அடியில் இருக்கிற வண்ணத்தின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளுமாம், அப்போதுதான் சீக்கிரம் இறுகும். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறல், வெயிலில் காய்ச்சல். கண்ணாடி கழன்று வரும்போது அந்த வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. மேலே பாலிஷ் எதுவும் இல்லை. எல்லாம் தலைகீழாகத்தான் நடக்கிறது, நாம் கடைசியில் மிதிக்கப்போகிற முகத்தை முதலில் ஊற்றுகிறார்கள். காரில் வந்த ஒரு குடும்பம் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பியது. எங்களுக்குக் கால் ஆற வேண்டியிருந்ததால் முக்கால் மணி நேரம் ஒரு ஓரமாக உட்கார்ந்தே இருந்தோம். ஒரு கல் முதலிலிருந்து கடைசி வரை எப்படி ஆகிறது என்று பார்த்தது அதனால்தான். வேலை செய்கிறவரிடம் கேட்டுக்கொண்டு போட்டோ எடுங்கள். அவர்களுக்குக் கை ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரமாக நிற்க வைக்கக் கூடாது.

இரண்டு கல் வாங்க எனக்கு ஆசை. தூக்கிப் பார்த்தேன், வைத்துவிட்டேன். சைக்கிள் பயணத்தில் பர்ஸ் இப்படித்தான் தப்பிக்கிறது.

திரும்பும் வழியில், பாதித் தூரத்தில், இவருடைய முன் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. சீமைக்கருவேல முள். இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் முதல் எதிரி அதுதான். சாலையோரம் வெட்டிப் போட்ட விறகிலிருந்து உதிர்ந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. எதிரே வண்டி வரும்போது ஓரம் கட்டுகிறோம் பாருங்கள், அங்கேதான் இருக்கும். என்னுடைய தடித்த பழைய டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருடைய மெல்லிய வெளிநாட்டு டயரில் இரண்டு ஓட்டை. கையில் ஒட்டுப் போடுகிற சாமான் இருந்தது, சின்னப் பம்பு காரில் இருந்தது. கார் கானாடுகாத்தானில் இருந்தது. ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு சைக்கிள் கடையைக் கண்டுபிடித்தோம். கடைக்கார ஐயா அலட்டாமல் டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டினார். காற்றடிக்கப் போனபோதுதான் சிக்கல். இவர் சைக்கிளில் இருந்தது பிரெஸ்டா வால்வு, பென்சில் முனை மாதிரி ஒல்லி. கடைப் பம்பு நம் ஊர் வால்டியூப்புக்குப் பொருந்துவது. "இவ்வளவு காசு போட்டு வாங்கிருக்கீக, காத்தடிக்க முடியாத சைக்கிளா வாங்குவாக?" என்றார். நான் சிரிப்பை அடக்க எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேன். கடைசியில் நான் மட்டும் என் சைக்கிளில் போய், காரிலிருந்து பம்பை எடுத்து வந்தேன். போக வர நடுவெயிலில் எட்டு கிலோமீட்டர். இந்த விஷயத்தை வீட்டில் இப்போதும் அவ்வப்போது எடுப்பதுண்டு.

கியர் சைக்கிள் கொண்டுபோகிறவர்கள் வால்வுக்கு மாட்டுகிற பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக் கொத்தில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நகத்தளவுதான், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கூடவே ஒரு மாற்று டியூப். இன்னொன்று, ஐயா சொல்லிக் கொடுத்தது. டியூபை ஒட்டினால் மட்டும் போதாது. டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியால் வழித்துப் பார்க்க வேண்டும். முள் டயருக்குள்ளேயே தங்கியிருந்தால் புது ஒட்டுக்குப் பக்கத்தில் புது ஓட்டை போடும். வெறுங்கையால் வழித்தால் விரல் கிழியும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. வெளியே கண் கூசுகிற வெயில். வளவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் உடம்பு சில்லென்றது. முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, தடித்த சுவர், மேலே உயரத்தில் ஜன்னல் என்று கேள்விப்பட்டதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. வேர்த்து வழிந்துகொண்டு வருகிறவருக்குத்தான் அந்த வீடு தன் வேலையைக் காட்டுகிறது. தரையில் கன்னத்தை வைத்து ஐந்து நிமிடம் படுத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டை முதல் நாள் ராத்திரியே சொல்லிவைக்க வேண்டும். இந்த வீடுகளில் ஓட்டல் போல எந்நேரமும் கிடைக்காது. அன்று இலையில் அரிசி களைந்த தண்ணீரில் செய்த வெண்டைக்காய் மண்டி, கோழி வறுவல், நண்டு ரசம். சாப்பிட்டுவிட்டு மாலையில் மறுபடி பன்னிரண்டு கிலோமீட்டர் போகலாம் என்று இவர் போட்டிருந்த திட்டம் இலையை மடித்தபோதே முடிந்தது. மூன்றரை வரை தூக்கம். எழுந்தால் பால் பணியாரமும் கந்தரப்பமும். கவுனி அரிசி வேண்டும் என்றேன், பர்மாவிலிருந்து வந்த கறுப்பு அரிசி. "ராத்திரியே ஊறப் போடணும் அக்கா, நாளைக்குத் தர்றேன்" என்றார் சமைக்கிற அம்மா.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஆனாலும் விருந்தாளியை அக்கா என்றே கூப்பிட்டார். தினமும் சைக்கிளில் வேலைக்கு வருகிறார். பிறந்த ஊர் அரிமளம் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். இவரும் கற்றது அப்போதுதான். "எங்க அப்பா சைக்கிளத் தொடவே விடமாட்டாரு. வாத்தியாரம்மா வந்து கூப்பிட்டாக, ஒண்ணும் சொல்ல முடியல" என்றார். நான் திருச்சியில் பழகியதும் ஏறக்குறைய அதே வருடங்களில், அண்ணனின் சைக்கிளில், அவனுக்குத் தெரியாமல். புடவை செயினில் மாட்டாமல் இருக்க அவர் ஒரு வழி சொன்னார். கொசுவத்தின் அடியை இடது பக்கம் கொண்டுவந்து ஒரு துணிக் கிளிப் போட்டுவிட வேண்டும், செயின் வலது பக்கம் அல்லவா! என் துப்பட்டா அன்று காலையில்தான் ஒரு முறை மாட்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலை பள்ளத்தூர் போய்க் கொத்தமங்கலம் வழியாகத் திரும்பினோம். மொத்தமே பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். அது நல்ல பயணம், சொல்ல ஒன்றுமில்லை. ஒரு திண்ணையில் காவல்காரப் பெரியவர் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தோம். வீட்டைத் திறந்து காட்டினார், கேட்காமலே. இப்படிக் காட்டுகிறவர்களுக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வருவது முறை, அதனால் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொபைலில் பணம் அனுப்பும் வசதி எல்லாத் திண்ணையிலும் இல்லை.

திருமயம் கோட்டையைக் காரில் பார்த்தோம், பிள்ளையார்பட்டியையும். நெடுஞ்சாலையில் பஸ்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கும் காரிலேயே போனோம். அங்கேதான் என் பர்ஸ் மாட்டிக்கொண்டது. இடித்த வீடுகளின் தேக்குத் தூண்கள், கதவுகள், ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்கள். ஒரு பித்தளைத் தூக்கு வாங்கினேன். மூடியில் மூன்று எழுத்து வெட்டியிருந்தது. அது வீட்டு விலாசம், பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரமாக இருக்கும் என்றார் கடைக்காரர். யாருடையது என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. இவர் பேரம் பேச வாயெடுத்தார், நான் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டேன்.

திருச்சி வந்து பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, இவர் காவிரிக்கரைக்குக் கிளம்பினார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். முன் சக்கரம் உட்கார்ந்திருந்தது. டயரைக் கழற்றித் துணியால் வழித்தார். ஒரு அங்குலத்துக்கு முள். "ஐயா சொன்னப்பவே நான் சொன்னேன்" என்று சமையலறையிலிருந்து சொன்னேன். நான் சொல்லவில்லைதான்.